கேட்டைத் தாண்டி வரட்டும் படங்கள்!

மெரினா கடற்கரைச் சாலையில் பஸ்சில் போகிற எல்லோருக்கும் அந்த நாலு பேரைத் தெரியும். பாறையைப் புரட்டிக்கொண்டு நிற்கிறார்களே, அவர்கள்தான். உழைப்பாளர் சிலை!

1959-ம் ஆண்டு வைத்தது. அன்றைக்குப் பாறையில் வைத்த கையை அவர்கள் இன்னும் எடுக்கவில்லை.

அந்த உருவங்களுக்கு மாடலாக நின்றவர் யார் தெரியுமா? எழும்பூர் அரசு ஓவியக் கல்லூரியில் இராக்காவல் பார்த்த வாட்ச்மேன்! கூட நின்றவர் அங்கே படித்த மாணவர். செய்தவர், அந்தக் கல்லூரியில் கால் நூற்றாண்டுக்கு மேல் முதல்வராக இருந்த சிற்பி தேவி பிரசாத் ராய் சவுத்ரி.

கேட்டைக் காவல் காத்தவர் கேட்டைத் தாண்டி கடற்கரைக்கு வந்துவிட்டார். தினமும் லட்சம் பேர் பார்க்கிறார்கள். அதே கேட்டுக்குள் இன்று படிக்கிற பிள்ளைகளின் கைவேலை மட்டும் பெரும்பாலும் உள்ளேயே பிறந்து, உள்ளேயே தொங்கி, உள்ளேயே தூசி பிடிக்கிறது.

இதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வேண்டும்.

நாலு வருஷ உழைப்பு

பிளஸ்-2 முடித்து நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே போகிற பிள்ளைகள் நாலு வருஷம் படிக்கிறார்கள். ஓவியம், சிற்பம், அச்சு ஓவியம், சுடுமண் வேலை, துணி வடிவமைப்பு, விளம்பரக் கலை என்று பிரிவுகள். பாதிப் பேர் வெளியூர். அப்பா விவசாயக் கூலியாக இருப்பார், அல்லது பஸ் கண்டக்டராக இருப்பார். “படம் போட்டு என்னடா சம்பாதிக்கப் போறே?” என்ற கேள்வியைக் கேட்காத வீடு இருக்காது.

படிப்பு முடிகிற வருஷம் எல்லோரும் தங்கள் வேலைகளைக் காட்சிக்கு வைப்பது ஓவியக் கல்லூரிகளின் வழக்கம். பரீட்சை பேப்பர் மாதிரிதான் அது. ஆனால் பேப்பரை வாத்தியார் மட்டும் திருத்துவார். படத்தை ஊர் பார்க்க வேண்டும்.

ஊர் பார்க்கிறதா?

வருகிறவர்கள் யார்? கூடப் படிக்கிறவர்கள். வாத்தியார்கள். பழைய மாணவர்கள் சிலர். ஊரிலிருந்து அம்மா அப்பா ரெயில் ஏறி வந்தால் உண்டு. சில நாள் கழித்துப் படங்களைக் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் வாடகை அறையில் கட்டிலுக்கு அடியில் தள்ளவேண்டியதுதான். அடுத்த மாதம் அந்தப் பையன் எங்கேயாவது போட்டோ கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைக்குப் பூ ஒட்டிக்கொண்டிருப்பான்.

பூ ஒட்டுவதில் கேவலம் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, அவன் செய்ததை முன்பின் தெரியாத ஆயிரம் பேர் நின்று பார்த்திருக்க வேண்டாமா?

அது அரசாங்கக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கி, இரண்டு வருஷத்தில் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அன்று முதல் ஜனங்களின் பணத்தில்தான் ஓடுகிறது. தீப்பெட்டி வாங்குகிறவரும் அதற்கு வரி கொடுத்திருக்கிறார். கொடுத்த காசுக்கு விளைந்தது என்ன என்று பார்க்க அவருக்கு உரிமை இல்லையா?

“கேட் திறந்துதானே இருக்கிறது, வந்து பார்க்கட்டுமே!” என்று சொல்லலாம். சொல்வது சுலபம். ஒரு படக்காட்சிக்கு இந்த நிருபர் போன கதை இருக்கிறது. எந்த இடம் என்பது வேண்டாம். வாசலில் இருந்தவர், “யாரைப் பார்க்கணும்?” என்றார். “படத்தைப் பார்க்கணும்” என்றேன். மேலே பார்த்தார், கீழே செருப்பைப் பார்த்தார், அப்புறம்தான் வழி விட்டார். கொலை நடந்த வீட்டுக்குள்கூட இவ்வளவு கேள்வி இல்லாமல் நுழைந்திருக்கிறேன்!

பத்திரிகைக்காரனுக்கே இந்தக் கதி என்றால், பாரிமுனையில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவர் எந்த தைரியத்தில் உள்ளே போவார்? அவர் வரமாட்டார். படம்தான் அவர் இருக்கிற இடத்துக்கு வரவேண்டும். படிப்பு முடிக்கும் மாணவர்களின் கண்காட்சியை ஒரே காம்பவுண்டுக்குள் அடைக்காமல், ஊர் முழுக்கப் பிரித்து வையுங்கள் என்கிறோம்.

ஜனங்களுக்கு ரசனை இல்லையா?

இந்த யோசனையைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். “நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் புரியுமா சார்?”

புரியாது என்று யார் சொன்னது? மவுண்ட் ரோடு முழுவதும் ஒரு காலத்தில் இலவசப் படக்காட்சிதானே! சினிமா பேனர்கள். கட்டம் போட்டு, சாரத்தில் ஏறி, கையால் எழுதிய முகங்கள். அதன் கீழே நின்று “மூக்கு சரியில்லேப்பா, சிவாஜி மாதிரியே இல்லே” என்று டீயைக் குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்ன ஜனம் இது. எந்த ஆர்ட்டிஸ்ட் நீலத்தை அதிகம் தொடுவார் என்றுகூடச் சொல்லுவார்கள். வினைல் பிரிண்ட் வந்து அந்தத் தொழிலை விழுங்கிவிட்டது. பேனர் எழுதியவர்களில் பலர் பிழைப்பு இல்லாமல் போனார்கள். 2009-ல் மாநகராட்சி போஸ்டரை ஒழிக்க அண்ணா சாலைச் சுவர்களில் படம் எழுதச் சொன்னபோது அவர்களில் சிலருக்குக் கொஞ்ச நாள் வேலை கிடைத்தது.

எழும்பூர்க் கல்லூரியும் ஜனங்களுக்குத் தெரியாத இடம் அல்ல. நடிகர் சிவகுமார் 1959 முதல் 6 ஆண்டு படித்தது அங்கேதான். கி.ராஜநாராயணன் எழுதிய ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ பத்திரிகையில் வந்தபோது, அதில் கோடு கோடாக மனுஷர்களை நிறுத்தினாரே ஆதிமூலம், அவரும் அந்தக் கல்லூரியில் படித்தவர்தான். லட்சக்கணக்கானவர்கள் அந்தப் படங்களைப் பார்த்தார்கள். புரியவில்லை என்று யாரும் பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

கண்ணகி நகரைப் பாருங்கள். ஊருக்குள் குடிசையில் இருந்தவர்களை அள்ளிக்கொண்டு போய்க் குடியேற்றிய இடம். போலீஸ் செய்தியில் மட்டும் அடிபட்ட பேர். 2020-ல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் ஆள் உயரம் அல்ல, மாடி உயரத்துக்குப் படம் எழுதினார்கள். அதற்கு முன்னால் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். படம் எழுதியதால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிடாது, அது வேறு வழக்கு. ஆனால் இந்த ஊரில் படத்துக்குக் கூட்டம் வரும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பக்கத்தில் கொச்சி இருக்கிறது. அங்கே நடக்கும் பெரிய கலைத் திருவிழாவோடு சேர்த்து 2014 முதல் மாணவர்களுக்கென்று தனிக் காட்சி நடத்துகிறார்கள். நாடு முழுவதும் உள்ள ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் அடுக்கிய பழைய கிடங்குகளிலேயே படத்தை மாட்டியிருக்கிறார்கள். தெருவில் போகிறவர் மழைக்கு ஒதுங்கினால்கூட ஒரு படத்தைப் பார்த்துவிடுவார்.

நம் ஊர்ப் பிள்ளையின் படத்தை நாம் பார்க்க ராத்திரி ரெயில் ஏறிக் கொச்சிக்குப் போக வேண்டுமா?

எங்கே வைப்பது?

இடத்துக்கா பஞ்சம்! பறக்கும் ரெயில் நிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் சேப்பாக்கம் வரை ஓடி, 1997-ல் மயிலாப்பூர் வந்து, 2007-ல் வேளச்சேரியைத் தொட்டது. ஒவ்வொரு நிலையமும் கல்யாண மண்டபம் மாதிரி. அகலமான தூண்கள், ஆளில்லாத கூடங்கள், வெளிச்சம் எட்டாத மூலைகள். ராத்திரி எட்டரை மணிக்கு மேல் வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிற இடங்கள். செயின் பறிப்பு வழக்குக்காக இந்த நிருபர் எத்தனை தடவை அப்படிப்பட்ட படிக்கட்டில் ஏறி இறங்கியிருப்பேன்! படத்தை மாட்டினால் விளக்குப் போட்டாக வேண்டும். விளக்கு இருந்தால் நாலு பேர் நிற்பார்கள். நாலு பேர் நிற்கிற இடத்தில் செயின் அறுக்கிறவன் யோசிப்பான்.

புதுசாக ஒன்றும் சொல்லவில்லை. 2016-ல் சென்னையில் போட்டோ திருவிழா நடத்தியவர்கள் பறக்கும் ரெயில் நிலையத்திலும் பூங்காவிலும் போட்டோக்களை வைத்துக் காட்டினார்கள். 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமத்தில் பறையும் கரகமும் பார்க்குக்கும் தெருவுக்கும் வந்தன. அது நின்று போய், 2023 பொங்கலுக்கு மறுபடி வந்தது. சர்க்கார் மனசு வைத்தால் போலீஸ் பந்தோபஸ்து, மைக், பந்தல் எல்லாம் ஒரே நாளில் வந்துவிடும் என்று அதிலேயே பார்த்தோமே!

எந்தப் படத்தை எந்த இடத்தில் என்பதைக் கொஞ்சம் யோசித்து வைத்தால் போதும். துணி வடிவமைப்புப் பிள்ளைகளின் வேலையைச் சிந்தாதிரிப்பேட்டையில் வைக்கலாம். 1734-ல் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடிவைத்த பேட்டை அது. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதுதான் அப்படித் திரிந்தது என்பார்கள். இல்லையென்றால் பாண்டி பஜார் ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு அடி இடம். கடைக்காரருக்கு நஷ்டம் இல்லை. படம் பார்க்க நின்றவர் புடவையையும் பார்ப்பார்.

சென்டிரலுக்கு எதிரே ஜி.எச். ஆஸ்பத்திரி இருக்கிறது. உள்ளே படுத்திருக்கிறவரை விட வெளியே காத்திருக்கிறவரின் பாடுதான் பெரிது. வார்டுக்குள் விடமாட்டார்கள், ஊருக்கும் போக முடியாது. மரத்தடியில் துண்டை விரித்துக்கொண்டு, சுவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு மூணு நாள், நாலு நாள். அந்தச் சுவரில் ஒரு வயல் இருக்கட்டுமே, ஒரு ஆட்டுக்குட்டி இருக்கட்டுமே. அந்த வயலை எழுதிய பையனும் அவர்கள் ஊர்ப் பக்கத்துக்காரனாகவே இருக்கலாம்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயரும் விலையும் எழுதி மாட்ட வேண்டும். இதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. கே.சி.எஸ்.பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் அவரும் மாணவர்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்தக் காசில்தான் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கட்டினார்கள். அச்சு ஓவியம் என்றால் ஒரே பலகையில் பத்துப் பிரதி எடுக்கலாம். விலையும் கட்டுபடியாகும். குமாஸ்தா வீட்டுக் கூடத்தில் ஒரு ஓவியம் தொங்கினால் சட்டம் தடுக்குமா என்ன?

திருட்டுப் போகாதா?

போகும். அதை இந்த நிருபர் மறைக்கப் போவதில்லை. பொதுக் குழாயில் பித்தளைத் திருகை விட்டுவைக்காத ஊர். வெண்கலச் சிலையை ரோட்டில் வைத்தால் மறுநாள் பழைய இரும்புக் கடை எடைக்கல்லில்தான் பார்க்க வேண்டும். அதனால் வெண்கலத்தை ஆள் இருக்கிற இடத்தில் வையுங்கள். சிமெண்டும் சுடுமண்ணும் பார்க்கில் இருக்கட்டும். அச்சுப் பிரதி திருடு போனால் இன்னொன்று எடுத்து மாட்டுங்கள். திருடியவன் வீட்டிலாவது ஒரு படம் இருக்கட்டும்!

உள்ளே இருந்தால் பத்திரம் என்பதும் நிச்சயம் இல்லை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து ஓவியக் கல்லூரி உலகப் புகழ் பெற்ற கட்டிடம். 2014-ம் ஆண்டு மே 23-ந் தேதி, கடைசி வருஷ மாணவர்கள் கண்காட்சிக்குப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பல பேரின் வருஷக்கணக்கான வேலை ஒரு மத்தியானத்தில் சாம்பலாகிப் போனது.

திருட்டையும் தீயையும் விடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் “ஊரெல்லாம் வையுங்கள்” என்று எழுதினால் அது பொறுப்பில்லாத எழுத்து.

பரோடா பல்கலைக்கழகத்தின் ஓவியத் துறை. 2007 மே மாதம். பரீட்சைக்காக மாணவர்கள் படங்களை வைத்திருந்தார்கள். ஊருக்குள் அல்ல, காம்பவுண்டுக்குள்தான். வெளியிலிருந்து ஒரு கும்பல் புகுந்தது. ஒரு மாணவரின் படங்கள் மத உணர்வைப் புண்படுத்துகின்றன என்று ரகளை. போலீஸ் வந்து கைது செய்தது யாரை? புகுந்தவர்களை அல்ல, படம் போட்ட மாணவரை! ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். அவர் பக்கம் நின்ற பொறுப்பு டீன் சஸ்பெண்டு ஆனார். மாணவருக்குப் பட்டம் கைக்கு வரவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. 2018 பிப்ரவரியில் அதே பல்கலைக்கழகத் துணைவேந்தர் அலுவலகத்தில் தீ வைத்ததாக அவர் மறுபடியும் கைதானார். இடையில் 11 வருஷம்!

தீ வைப்பது குற்றம். அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் 11 வருஷம் ஒரு பையனை வாசலில் நிறுத்தி வைத்தவர்கள் மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

இங்கே அப்படி நடக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. காம்பவுண்டுக்குள்ளேயே அப்படி என்றால் நடுத்தெருவில் கேட்கவே வேண்டாம். நாளைக்கு ஒரு படத்தைப் பார்த்து “இது எங்க தலைவரைக் கிண்டல் பண்ணுது” என்று நாலு பேர் கொடி பிடித்து வரலாம். உடனே என்ன நடக்கும்? ரெயில்வேக்காரர் “கல்லூரியைக் கேளுங்கள்” என்பார். கல்லூரி “மாநகராட்சி அனுமதி கொடுத்தது” என்னும். மாநகராட்சி மாணவனைக் காட்டும். 21 வயசுப் பையன் போலீஸ் நிலைய பெஞ்சில் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பான். அந்த பெஞ்சைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன், அதில் தனியாக உட்காருவது சாதாரண விஷயம் அல்ல.

அதனால் இடம் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது கையெழுத்து!

சுவரையும் பொது இடத்தையும் அலங்கோலம் செய்வதைத் தடுக்கும் சட்டம் ஒன்று உண்டு. என்ன ராசியோ, உழைப்பாளர் சிலை வந்த அதே 1959-ம் ஆண்டுச் சட்டம். அனுமதி இல்லாமல் எழுதினாலும் ஒட்டினாலும் குற்றம். சட்டத்தின் கண்ணுக்கு மூல வைத்தியர் நோட்டீசும் ஒன்றுதான், மாணவன் எழுதிய படமும் ஒன்றுதான். ஆகவே மாணவனையே ஒவ்வொரு ஆபீசாக மனுவோடு அலைய விடக் கூடாது. கல்லூரி முதல்வரும், மாநகராட்சியும், ரெயில்வேயும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எந்த இடத்தில் எந்தப் படம் என்று அதில் இருக்க வேண்டும். யாருக்காவது புகார் இருந்தால் கையெழுத்துப் போட்ட பெரியவர்களிடம் கொடுக்கட்டும். பதில் அவர்கள் சொல்லட்டும். மாணவன் பெயர் படத்துக்குக் கீழே மட்டும் இருக்கட்டும், புகார் புத்தகத்தில் வேண்டாம்.

ஆஸ்பத்திரிச் சுவருக்கு எது, பள்ளிக்கூடத்துப் பக்கம் எது என்று பொறுக்கி எடுக்கிற வேலையும் அந்தப் பெரியவர்களுடையதுதான். எல்லாப் படமும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இது மாணவர்களுக்கே நம்மைவிட நன்றாகத் தெரியும். சுருக்கென்று தைக்கிற படம் ஒன்றை எடுத்து எழும்பூரிலேயே, உள்ளேயே வைத்துக்கொள்கிறோம் என்றால் அதிலும் தப்பில்லை. மற்றவை வெளியே வந்திருக்கும்போது அதைத் தேடிக்கொண்டு ஜனங்களே உள்ளே வருவார்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். கல்லூரி வருஷம் முடிவதோ கோடையில். அக்கினி நட்சத்திர வெயிலில் வாட்டர் கலரைத் திறந்த வெளியில் மாட்டினால் ஒரே வாரத்தில் வெளுத்துவிடும். ரெயில் நிலையக் கூடம், சுரங்கப்பாதை, கடைக் கண்ணாடி என்று நிழலான இடங்களே நல்லது. பத்து இடம் போதும், முதல் வருஷத்துக்கு ஐந்து இடம்கூடப் போதும்.

செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். மந்திரி திறந்து வைக்க வேண்டாம், பொன்னாடை வேண்டாம், கட்-அவுட் வேண்டவே வேண்டாம். விளக்கு ஏற்கனவே அங்கே போட்டிருக்க வேண்டியதுதான். சுவரில் ஆணி அடித்தால் கட்டிடம் கெட்டுப்போகும் என்று என்ஜினீயர் சொன்னால், தூணைச் சுற்றிக் கயிறு கட்டி மாட்டலாம். அந்தக் கயிற்றுக்கும் பட்ஜெட்டில் இடம் இல்லை என்றால் மாநகராட்சி நமக்கு ஒரு வரி எழுதட்டும். கொத்தவால்சாவடியில் கயிறு வாங்கி அனுப்புகிறோம்.